உயரக் கூரை வண்டிகள்

மோட்டார் வண்டி கட்டும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதுதான். அதுவரை கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சராக இருந்தேன். பிரெஞ்சு படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு வருஷம் பள்ளி திறந்தபோது எனக்கு வகுப்பே இல்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றே பெயர். அவருக்கு என்னைப் பாரீசில் இருக்கும் யாருக்காவது கட்டிக்கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று ஆசை. எனக்கு ஊரைவிட்டுப் போகவும் மனமில்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் முன்பு ஆண்ட எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே ஒருவர் பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் பாடி கட்டும் கம்பெனி வைத்திருந்தார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வரப்போகிறது, பிரெஞ்சில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். மறுநாளே போய் நின்றேன். முதலாளி ஐம்பது வயதைத் தொட்டவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, தகரம் அடிக்கிறவர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். "பிரெஞ்சுல லெட்டர் போடுவீங்களா?" என்றார். போடுவேன் என்றேன். "வண்டியப் பத்தி எதாவது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அது பரவால்ல. இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

ஒரு வண்டி எப்படி உருவாகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். இன்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும் இருக்கும் சேஸ், மேற்கே ஒரு பெரிய ஊரிலிருந்து வரும். அதற்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. டிரைவர் உட்கார ஒரு மரப்பெட்டியைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அதில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றி, கண்ணுக்குத் தூசிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் பல நாள் ஓட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் கம்பெனிக்கு அப்படி ஓட்டி வருகிறவர் ஒருவர்தான். மூலக்குளத்துக்காரர். முன்பு மில்லில் பஞ்சு லாரி ஓட்டியவர். மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து இங்கே சேர்ந்திருந்தார். நான் முதலில் பார்த்தபோது அவர் உடம்பு முழுக்கச் செம்மண் நிறமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, "குளிச்சுட்டு வந்து வணக்கம் சொல்றேன் டீச்சர்" என்று குழாயடிக்கு ஓடினார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன்.

சேஸ் வந்ததும் அதன்மேல் இரும்புச் சட்டம் நிற்கும். சட்டத்தின்மேல் தகரத்தை வளைத்து வெல்டிங் வைப்பார்கள். மேடு பள்ளத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசித் தேய்ப்பார்கள். பெயிண்ட் அடிக்கிற நாளில் தொழிற்பேட்டையின் புழுதி உள்ளே வரக் கூடாதென்று வாசலில் ஈரச் சாக்கு தொங்கும். பிறகு கண்ணாடி, ரப்பர், சீட்டு. எல்லாம் முடிந்த வண்டியைத் தள்ளி நின்று பார்த்தால், மரப்பெட்டியில் ஓர் ஆள் ஓட்டிக்கொண்டு வந்த அந்த எலும்புக்கூடு உள்ளே இருக்கிறது என்று நம்ப முடியாது.

ஆர்டர் கொடுத்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். பாரீசில் இருந்துகொண்டு ஆப்பிரிக்காவுக்குச் சாமான் அனுப்பி வியாபாரம் செய்தவர். ஆட்கள் அவரைப் பாரீஸ்காரர் என்றார்கள். சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் முன்பு ஆண்ட ஒரு நாட்டில், ஊர் ஊராகப் போகிற நர்சுகளுக்கும் அரசாங்க ஆட்களுக்கும் வண்டி வேண்டும். ஐரோப்பிய வண்டியும் ஜப்பான் வண்டியும் விலை கட்டுப்படியாகவில்லை. பத்துப் பேர் உட்காருகிற மாதிரி, நான்கு பக்கமும் மூடிய, மண்ணிலும் மணலிலும் போகிற வண்டியாக இருக்க வேண்டும். முதலில் பன்னிரண்டு வண்டி. பிடித்துப்போனால் பக்கத்து நாடுகளுக்கும் அனுப்பலாம்.

"முசியே, மூணு விஷயம் முக்கியம்" என்றார் முதலாளியிடம். "ஸ்டியரிங் இடது பக்கம். அங்க ரோட்டுல வலது பக்கமாத்தான் போவாங்க. அப்புறம் கூரை உசரமா இருக்கணும். அங்க ஆளுங்க நெட்டை, தலைப்பாகை வேற கட்டுவாங்க, தலை இடிச்சா வாங்க மாட்டாங்க. மேல கேரியர். அங்க ஜனங்க சாமானெல்லாம் கூரை மேலதான் ஏத்துவாங்க. மூட்டை, கட்டிலு, ஆடு எல்லாம்."

என் பக்கம் திரும்பி, "மத்மசெல், ஓட்டறவன் படிக்க ஒரு சின்ன புஸ்தகம். பிரெஞ்சுல. எண்ணெய் எப்ப மாத்தணும், கியர் எப்படிப் போடணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் புத்தகம்தான் என்னை வண்டிக்குள் ஏற்றியது. கியரைப் பற்றி, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்த இரண்டாவது கம்பியைப் பற்றி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுத எனக்குத் தெரியவில்லை. முதல் வண்டி தயாரானதும் டிரைவர் அண்ணனோடு அனுப்பிவைத்தார் முதலாளி. அண்ணன் செய்வதைப் பார்த்து நான் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் அவர் சரியா தப்பா என்று சொல்வார்.

இடது பக்க ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு நம் ஊர் ரோட்டில் ஓட்டுவது பெரும்பாடு. முன்னால் ஒரு மாட்டு வண்டி போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போலாமா டீச்சர்?" என்பார். "லாரி வருது, இருங்க" என்பேன். "இப்ப?" "இப்ப போங்க." சில நாளில் அது எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். வில்லியனூர் ரோட்டில், மூலக்குளத்தில் அவர் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பார். தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் வாசலுக்கு வந்து பார்ப்பாள். அவருடைய மனைவி. வலது பக்கம் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒரு பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று நினைத்து அவள் வாயில் கைவைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தூசி உள்ளே வருகிறதா என்று பார்க்க, சீட்டின்மேல் வெள்ளைத் துணி விரித்துவிட்டு மண்ரோட்டில் லாரிகளுக்குப் பின்னாலேயே போனோம். திரும்பி வந்து துணியை உதறிப் பார்ப்பார் முதலாளி. எந்த இடுக்கில் சிவப்பு படிந்திருக்கிறதோ அங்கே ரப்பர் மாற்றுவார்கள். மழைக்கு, தீயணைப்பு வண்டி மாதிரிக் குழாய் வைத்து அடித்தார்கள். உள்ளே நான் குடையோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கடல் தாண்டி யாரோ ஒரு நர்சு, நான் பார்க்கவே போகாத ஒருத்தி, இந்த வண்டியில் நனையாமல் போவாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக இருந்தது கேரியர் சோதனை. மேலே மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டினார்கள். உள்ளே ஆட்களுக்குப் பதிலாகவும் சில மூட்டைகள். காலையில் கிளம்பிக் கடலோர ரோட்டில் வடக்கே போனோம். போகும்போது எதுவும் இல்லை. மேடு பள்ளத்தில் வண்டி கொஞ்சம் ஆடியது. "ஏத்திக்கினு போற லாரியும் இப்பிடித்தான் ஆடும்" என்றார் அண்ணன். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். அவருக்குத் தெரியாததை நான் தெரிந்துகொள்ள வழியில்லை. முதலாளிக்கும் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் யாரும் அவ்வளவு உயரத்தில் அவ்வளவு கனத்தை வைத்து ஒரு ஜீப்பை அதற்குமுன் ஓட்டியதில்லை.

திரும்பி வரும்போது பிள்ளைச்சாவடி மீனவர் குப்பம். அப்போது அந்த ரோடு குறுகல். கடல் பக்கம் சவுக்கு மரங்கள். மரங்களுக்கு இடையிலிருந்து மீன் கூடை கட்டிய சைக்கிள் ஒன்று சட்டென்று ரோட்டுக்கு ஏறியது. அண்ணனுக்கு நேர் முன்னால். அவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். நாங்கள் வேகமாகக்கூடப் போகவில்லை. வேறு வண்டியாக இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்திருக்கும். இது சாய்ந்தது. நிமிரவில்லை. மேலே இருந்த மூட்டைகள் எங்களை மெதுவாக, மிக மெதுவாக இழுத்ததுபோல் இருந்தது. அவருடைய பக்கம் கீழே போயிற்று. நான் மேலிருந்து அவர்மேல் விழுந்தேன்.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தோளெலும்பு முறிந்திருந்தது, அது அப்போது தெரியவில்லை. அண்ணன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு அவர் கை அசையவில்லை. குப்பத்து ஆட்கள் ஓடிவந்து, வலைக்கயிற்றைக் கட்டி இழுத்து வண்டியை நிமிர்த்தினார்கள். ஒரு லாரியில் எங்களை ஏற்றிக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடியும்போது அவர் இறந்துவிட்டார்.

எனக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். சாவுக்குப் போக முடியவில்லை. அப்பா போய் வந்தார். "கும்பல் ஜாஸ்தி. மில்லு ஆளுங்கல்லாம் வந்திருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் அந்தச் சைக்கிள்காரர் வந்து என் கட்டில் ஓரமாக நின்றார். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் மேடு ஏறச்ச சத்தமே கேக்கலம்மா" என்றார் கடைசியில். "என்னிய விட்டுட்டு அவரு பூட்டாரு."

"உங்க மேல தப்பில்லண்ணே. வண்டி நிமிர்ந்திருக்கணும்" என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான், நான் சொன்னது என்ன என்பது எனக்கே உறைத்தது. வண்டி நிமிர்ந்திருக்க வேண்டும். அதே மாதிரி இன்னும் பதினோரு வண்டி மேட்டுப்பாளையத்தில் வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் பெயிண்டுகூட அடித்தாயிற்று.

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நான் வேலைக்குத் திரும்பியபோது பாரீஸ்காரர் வந்திருந்தார். கப்பலுக்கு நாள் குறித்திருந்தது. அறைக்குள் அவரும் முதலாளியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பாரீஸ்காரர் கெட்டவர் இல்லை. முதல்நாளே மூலக்குளம் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்திருந்தார். ஆனால் அவருக்கும் அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் இருந்தார்கள்.

"முசியே, சைக்கிள் குறுக்க வந்துச்சு. எந்த வண்டியா இருந்தாலும் நடக்கறதுதான். கப்பல் நமக்காக நிக்காது" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "டீச்சர் உள்ள இருந்தவங்க. நீங்க சொல்லுங்க."

"வேகமா போகல சார். அண்ணன் திருப்பினதும் தப்பில்ல. மேல கனம் இழுத்துடுச்சு" என்றேன்.

"அப்ப புஸ்தகத்துல எழுதிடுங்க மத்மசெல். மேல ஜாஸ்தி ஏத்தாதீங்கன்னு ஒரு வரி" என்றார் பாரீஸ்காரர்.

"எழுதறேன். வேகமாத் திருப்பினா வண்டி கவிழும்னும் எழுதட்டுமா?"

அவர் மெதுவாக, "அதைப் படிச்சுட்டு யாரு வாங்குவா?" என்றார்.

முதலாளி ஒரு முடிவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த சில நாள் கம்பெனியில் வேலை நடக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. பட்டி தேய்க்கிறவர்கள் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணனின் மனைவி வந்தாள். கூட அவளுடைய தம்பி. ஏதாவது உதவி கேட்டு வந்திருப்பாள் என்று நினைத்து முதலாளி அவசரமாக எழுந்து நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அந்த வண்டியப் பாக்கணும்" என்றாள்.

பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. போலீஸ்காரர்கள் பார்த்து எழுதிவிட்டுப் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. முதலாளியே தார்ப்பாயை இழுத்தார். இடது பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது. அவள் சுற்றி வந்து பார்த்தாள். உடைந்த ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைத் தொட்டாள்.

"இந்தப் பக்கம்தான் ஒக்காந்து ஓட்டுனாரா? வூட்ல சொல்வாரு. நான்தான் நம்பல. வெளயாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவள் திரும்பி, கொட்டகைக்கு வெளியே வரிசையாக நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி. ஒரே உயரம்.

"இதுங்கள்லாம் எங்க போவுது மொதலாளி?"

"ஆப்பிரிக்காவுக்கும்மா. கப்பல்ல."

"இப்பிடியேவா?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கியும் ஒருத்தி சோத்த ஆக்கி வச்சிக்கினு ரோட்டப் பாத்துக்கினு இருப்பால்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு முதலாளி அங்கேயே வெகுநேரம் நின்றார். மத்தியானச் சங்கு ஊதி ஆட்கள் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டு வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டார். "கூரையெல்லாம் எறக்கப் போறோம்" என்றார். "மொத வண்டியிலருந்து கடைசி வண்டி வரைக்கும்."

பெயிண்ட் காய்ந்து பளபளத்துக்கொண்டிருந்த வண்டிகளை வெட்டினார்கள். தூணை ஒரு சாண் அறுத்து, கூரையைக் கீழே இறக்கி மறுபடி பற்றவைத்தார்கள். கூரைத் தகரத்தையும் மெல்லிசாக மாற்றினார்கள். அப்போது தலை இடித்தது. பாரீஸ்காரர் சொன்ன நெட்டை ஆட்கள் எப்படி உட்காருவார்கள்? டிங்கர் வேலை செய்கிறவர்களும் முதலாளியும் தரையில் சாக்பீசால் கோடு போட்டுப் போட்டு அழித்தார்கள். கடைசியில், சேஸின் இரண்டு பெரிய சட்டங்களுக்கு நடுவில் காலைத் தொங்கவிட இடம் செய்து, தரையைப் பள்ளமாக்கி, சீட்டைக் கீழே இறக்கினார்கள். உட்காருகிறவர்களின் கனமும் அதனால் கீழே வந்தது. கேரியரைப் பிடுங்கிவிட்டார்கள். சாமானுக்குப் பின்பக்கம் தாழ்வாக இடம் ஒதுக்கினார்கள். குறித்த கப்பல் போய்விட்டது. பாரீஸ்காரர் கோபித்துக்கொண்டு பாரீசுக்குப் போனார். பிறகு அவரே அடுத்த கப்பலுக்கு ஏற்பாடு செய்து தந்தி கொடுத்தார்.

மாற்றிய வண்டியை யார் ஓட்டிப் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவரே ஏறினார். தொழிற்பேட்டைக்குப் பின்னால் அப்போது வெறும் பொட்டல். உள்ளே மூட்டை வைக்காமலும் வைத்தும் ஓட்டினார். நேராக வந்து, சட்டென்று ஒடித்தார். வண்டி சாய்ந்தது. சக்கரம் தரையைவிட்டுக் கிளம்புமோ என்று எல்லோரும் குனிந்து பார்த்தோம். அது நிமிர்ந்தது. மறுபடி ஒடித்தார். மறுபடி நிமிர்ந்தது. அவர் நிறுத்தவே இல்லை. புழுதிக்குள் வண்டி தெரியாமல் போகும் வரை சுற்றிச் சுற்றி வந்தார். இறங்கியபோது முகத்தில் வழிந்தது வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. என்னையும் ஏறச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. தள்ளியே நின்றேன்.

புத்தகத்தை இடது கையால் தட்டச்சு செய்து முடித்தேன். இந்த வண்டியின் கூரைமேல் சுமை ஏற்றக் கூடாது, ஏற்றிவிட்டு வேகமாகத் திருப்பினால் கவிழும், உயிர் போகும் என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். எண்ணெய், கியர் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலாளி எனக்குப் பின்னால் நின்று, "அதானா அந்த வரி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பெரிய எழுத்துல போடுங்க" என்றார். பாரீஸ்காரர் அதை எடுக்கச் சொல்லவில்லை.

மெட்ராஸ் துறைமுகத்துக்கு நானும் போனேன். வண்டிகளை ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் கயிறு போட்டுத் தூக்கிக் கப்பல் வயிற்றுக்குள் இறக்கினார்கள். ஆகாயத்தில் அவை மெல்லச் சுற்றிக்கொண்டே போயின. அண்ணன் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். சேஸை மரப்பெட்டியில் உட்கார்ந்து ஓட்டி வந்தவருக்கு, அது கடைசியாக எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசை இருக்காதா?

அவருடைய மனைவிக்குக் கம்பெனியில் வேலை தருவதாக முதலாளி சொல்லி அனுப்பினார். "தெனம் அந்த எடத்துக்கு வர என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாள். தையல் தெரியும், வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது இருந்தால் செய்கிறேன் என்றாள். சீட்டு உறை தைக்கிற கனத்த மெஷின் ஒன்றை மூலக்குளத்துக்கு அனுப்பினார்கள். வெட்டிய ரெக்சினைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தைத்ததை வாங்கி வருவது என் பொறுப்பாயிற்று. நானாகத்தான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் வாசலில் நின்று கொடுத்துவிட்டு வருவேன். பிறகு உள்ளே போனேன். அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் ரெக்சின் துண்டில் பை தைத்துப் பள்ளிக்கூடம் எடுத்துப் போனார்கள். அவரைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. தையல், மழை, பிள்ளைகளின் படிப்பு, இவ்வளவுதான் பேச்சு.

இரண்டாவது ஆர்டரோடு பாரீஸ்காரர் வந்தபோது வயதாகிப் போனவர்போல் இருந்தார். வண்டிகள் அங்கே நன்றாக ஓடுகின்றன, பக்கத்து நாட்டிலும் கேட்கிறார்கள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொல்லணும் முசியே. அங்க பட்டறையில குடுத்து அவங்களே கூரை மேல கேரியர் பத்தவச்சுக்கறாங்க" என்றார்.

"புஸ்தகத்துல முதல் பக்கத்துல போட்டிருக்கேனே" என்றேன்.

"படிக்கறாங்க மத்மசெல். படிச்சுட்டுத்தான் ஏத்தறாங்க. வேற வண்டி இல்ல. சந்தைக்கு மூட்டையக் கொண்டுபோகணும், ஆஸ்பத்திரிக்கு ஆளையும் கொண்டுபோகணும். ரெண்டும் ஒரே வண்டியிலதான். அவங்க என்ன பண்ணுவாங்க?"

"எதாவது கவுந்துச்சா?" என்று கேட்டார் முதலாளி.

"இதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அந்த 'எனக்குத் தெரிஞ்சு' என்ற வார்த்தை பல வருஷம் என்னோடு இருந்தது. ஒரு பொருளைச் செய்து கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் அதற்கு என்ன நடக்கிறது என்று நமக்கு முழுசாகத் தெரியவே தெரியாது. முதலாளி அந்தத் தடவை கோபப்படவில்லை. ஜனங்கள் எப்படியும் மேலே ஏற்றத்தான் போகிறார்கள் என்றால் அதைத் தாங்குகிற மாதிரி வண்டி கட்ட வேண்டியதுதான் என்றார். பின் அச்சை அகலப்படுத்தி, சக்கரங்களை வெளியே தள்ளி, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினார். தாழ்வாக ஒரு கேரியரையும் அவரே போட்டுக் கொடுத்தார். மணல் மூட்டையோடு பொட்டலில் நாள்கணக்காக ஓட்டிய பிறகே அவை கப்பல் ஏறின.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை வண்டிகள் போயின. எண்பதுகளின் நடுவில் பெரிய கம்பெனிகளே மூடிய வண்டிகளைத் தங்கள் தொழிற்சாலையில் அச்சில் அடித்ததுபோல் செய்து வெளியே அனுப்பத் தொடங்கின. கையால் தகரம் அடிக்கிற இடத்துக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்று பாரீஸ்காரரே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். முதலாளி பஸ் பாடி மட்டும் கட்டுவதென்று முடிவு செய்தார். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்குக் காகிதம் எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

கடைசி உறைகளை வாங்கிவர மூலக்குளம் போனேன். இனி வரமாட்டேன் என்று சொன்னேன். அவள் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெஷினை நிறுத்தினாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டா? இத்தினி வருசமா கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். நீங்கதான அவரு கூட இருந்தீங்க. கடைசியா எதாவது சொன்னாரா?"

அவள் என்ன எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பற்றியோ அவளைப் பற்றியோ ஒரு வார்த்தை நான் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபோது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. சாப்பாட்டுத் தூக்குல கருவாட்டுக் குழம்பு இருந்துது. புது வண்டியில வாசனை அடிச்சா முதலாளி திட்டுவாருன்னு தூக்க என் மடியில வச்சிக்கச் சொன்னாரு. ஜன்னல் கண்ணாடிய எறக்கி விடுங்க டீச்சர்னு சொன்னாரு. நான் எறக்கிக்கிட்டு இருக்கும்போதுதான் சைக்கிள் வந்துது."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். புது வண்டியில போறியே, கருவாடு எதுக்கு, ரசம் ஊத்தித் தரேன்னு சொன்னேன். கேக்கல. அவருதான் சண்ட போட்டு வாங்கிக்கினு போனாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே திரும்பிப் பெரிய மகளைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா சாப்ட்டுட்டுப் போவாங்க, எல போடு" என்றாள்.